பழைய எலக்ட்ரிக் கிட்டார்: பழுது பார்ப்பதா, மாற்றிக் கட்டுவதா, புதுசு வாங்குவதா?

காலேஜ் நாட்களில் வாங்கிய எலக்ட்ரிக் கிட்டார் இருபது முப்பது வருஷமாகப் பரணிலோ பீரோவுக்குப் பின்னாலோ கிடக்கிறது. கம்பியெல்லாம் துருப்பிடித்துவிட்டது, ஜாக்கில் வயரைச் செருகினால் கரகரவென்று சத்தம், ஆனாலும் விற்க மனசு வரவில்லை, இனிமேலாவது வாசிக்கலாம் என்று கீழே இறக்கி வைத்திருக்கிறீர்கள். இந்தக் கட்டத்தில் நிறையப் பேர் முதல் வேலையாகப் புது பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) ஆர்டர் போடுகிறார்கள், இல்லையென்றால் கழற்றிப்போட்டுப் பெயிண்ட் அடிக்கக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டையுமே கடைசியில் யோசித்தால் போதும்.

வழிகள் நான்கு இருக்கின்றன. வாங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே மீட்டெடுப்பது ஒன்று. வாசிக்க வேண்டியதற்கு மட்டும் பழுது பார்த்துவிட்டு மீதியை விட்டுவிடுவது இன்னொன்று. உடலையும் நெக்கையும் (இடது கை பிடிக்கும் நீளத் தண்டு) வைத்துக்கொண்டு பிக்கப், பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகம்), டியூனர் (கம்பியை முறுக்கும் திருகு), கலர் என்று எல்லாவற்றையும் நம் இஷ்டப்படி மாற்றிக் கட்டுவது மூன்றாவது. நாலாவது, இதைச் சுவரில் மாட்டிவிட்டு அதே பணத்துக்குப் புதுசு வாங்கிவிடுவது. நான் எந்தப் பக்கம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்: நெக், ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகத் துண்டுகள்), நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளம் போட்ட துண்டு) மூன்றுக்கும் தாராளமாகச் செலவழிக்க வேண்டும், எலக்ட்ரிக் வேலையைத் திரும்பக் கழற்றிப் பழையபடி ஆக்கக்கூடிய விதத்தில் செய்ய வேண்டும், பெயிண்ட்டைத் தொடவே கூடாது. இரண்டாவது வழிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது 90-களின் தொடக்கத்தில் வாங்கிய, இந்தியாவிலேயே செய்த, ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) மாதிரி. கறுப்பு உடல், வெள்ளை பிக்கார்டு (உடலின் முகப்பில் பிக்கப்பைத் தாங்கும் தகடு), மூன்று சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப். அந்தக் காலத்தில் இங்கே வெளிநாட்டு கிட்டார் வாங்குவதெல்லாம் எட்டாத விஷயம். எலக்ட்ரிக் வேண்டுமென்றால் உள்நாட்டுத் தயாரிப்பு, இல்லையென்றால் சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ மாமா சித்தப்பா யாராவது கொண்டுவந்தால் உண்டு. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது எது என்பதைப் பொறுத்துத்தான் முதல் வழிக்கு அர்த்தம் உண்டா இல்லையா என்று தெரியும். 1965 ஜனவரியில் அமெரிக்காவின் சிபிஎஸ் கம்பெனி ஃபெண்டரை வாங்குவதற்கு முன்னால் அங்கே செய்த கிட்டார், அல்லது 1982-ல் ஜப்பானில் தொடங்கிய ஃபெண்டரின் ஸ்குவையர் ஜேவி வரிசை மாதிரி ஒன்று உங்களிடம் இருந்தால், ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்றாதீர்கள். விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு அப்புறம் பேசுங்கள். அந்த மாதிரி கிட்டாருக்கு மறுபெயிண்ட் அடித்தால் விலை கிட்டத்தட்ட பாதியாகிவிடும் என்பது பழைய கிட்டார் வியாபாரிகளின் பொதுக் கணக்கு. மாற்றிய பிக்கப்புக்கும் வேறு சால்டர் பட்ட வயருக்கும்கூடத் தனித்தனியாக விலை குறைப்பார்கள். அங்கே "ஒரிஜினல்" என்பது பணம்.

என்னுடையது போன்ற உள்நாட்டு கிட்டாருக்கு அந்தக் கணக்கே கிடையாது. என்ன செய்தாலும் சந்தை விலை பெரிதாக ஏறாது, இறங்குவதற்கும் ஒன்றுமில்லை. இது பெரிய விடுதலை. அப்படியே மீட்டெடுப்பது என்ற வழியை இங்கே நான் தள்ளிவிடுவதும் அதனால்தான். அன்றைக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் நட்டும், பல் தேய்ந்த டியூனரும் அன்றைக்கே தொந்தரவு கொடுத்தவை. அவற்றைத் தேடிப் பிடித்துத் திரும்பப் போடுவதில் எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

சரி, எந்த வழியில் போவதானாலும் முதலில் பார்க்க வேண்டியது நெக். புதுக் கம்பி போட்டு சரியான சுருதிக்கு ஏற்றி, ஒரு நாள் அப்படியே விடுங்கள். அப்புறம் தடித்த ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும், நெக் உடலோடு சேரும் இடத்தில் இன்னொரு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். சாதாரண விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழைந்தால் சரியான அளவு, கால் மில்லிமீட்டர் பக்கம். ஐந்து கார்டு நுழைகிறது என்றால் நெக் முன்னால் வளைந்திருக்கிறது. இடைவெளியே இல்லையென்றால் நேராகவோ பின்னால் வளைந்தோ இருக்கிறது. இரண்டையும் நெக்குக்குள்ளே இருக்கும் ட்ரஸ் ராடு என்ற இரும்புக் கம்பியைத் திருகிச் சரி செய்யலாம், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். ராடு அசையவே மறுத்தால் பலம் காட்டாமல் நிறுத்திவிட்டு, வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள், ஏனென்றால் அது உள்ளே உடைந்தால் நெக்கைக் காப்பாற்றுவது மிகவும் கஷ்டம். இதே மாதிரி முதல் கம்பிப் பக்கமும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் ஏகத்துக்கு வளைந்தும் இருந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

முறுக்கிய நெக் என்றால் முடிவு பெரும்பாலும் அங்கேயே வந்துவிடுகிறது. நெக்கை மாற்றலாம், ஸ்ட்ராட் வகையில் நாலு ஸ்க்ரூதான். ஆனால் என்னைப் பொறுத்தவரை நெக் மாறினால் அது வேறு கிட்டார். இடது கையின் கட்டை விரல் முப்பது வருஷத்துக்கு அப்புறமும் தானாகப் போய் உட்காருகிற இடம் அதுதான், அந்தப் பருமன், அந்த வளைவு, பின்பக்கம் வார்னிஷ் தேய்ந்து வழவழப்பாக இருக்கும் அந்த ஒரு சாண் நீளம். ஆங்கிலேய ராக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1970-ல் அமெரிக்காவின் நாஷ்வில்லில் சில பழைய ஸ்ட்ராட்களை மொத்தமாக வாங்கி, அவற்றில் மூன்றிலிருந்து நல்ல பாகங்களை எடுத்துச் சேர்த்துத்தான் "பிளாக்கி" என்ற தன் கிட்டாரை உருவாக்கினார். பிக்கப் ஒன்றிலிருந்து, உடல் ஒன்றிலிருந்து. பதினைந்து வருஷம் வாசித்த பிறகு 80-களின் நடுவில் அதை ஓய்வில் வைத்ததற்குக் காரணம் நெக் தேய்ந்துபோய், மறுபடி ஃப்ரெட் போட்டு வாசிக்கும் நிலையைத் தாண்டிவிட்டதுதான். வேறு நெக் போட்டுக்கொள்ள அவருக்கு என்ன தடை? இருந்தும் மாற்றவில்லை. 2004-ல் ஏலத்தில் போனபோதும் அந்தத் தேய்ந்த நெக்கோடுதான் போனது.

நெக் நன்றாக இருந்தால் அடுத்தது ஃப்ரெட், என் கணக்கில் காசு போட வேண்டிய முதல் இடம். பழைய கிட்டாரில் முதல் மூன்று ஃப்ரெட்டில் கம்பிக்கு அடியில் பள்ளம் விழுந்திருக்கும், எல்லாரும் திறந்த கம்பிகளோடு சேர்த்துப் பிடிக்கும் ஆரம்ப கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களை) அங்கேதான் பிடித்திருப்போம். ஃப்ரெட் கம்பிக்கு நிக்கல் சில்வர் என்று பெயர், அதில் வெள்ளி துளிகூடக் கிடையாது, செம்பும் துத்தநாகமும் நிக்கலும்தான், இரும்புக் கம்பி உரசினால் தேயத்தான் செய்யும். பள்ளம் மேலோட்டமாக இருந்தால் எல்லா ஃப்ரெட்டையும் ஒரே மட்டத்துக்கு ராவி, மேல்பக்கத்தை மறுபடி உருட்டி, பாலிஷ் போட்டாலே போதும். பள்ளம் ஆழமாக இருந்தால் ராவிய பிறகு மிஞ்சும் உயரம் போதாது, மொத்தமாக மாற்றியாக வேண்டும். நான் விசாரித்த இடங்களில் முழு ரீஃப்ரெட்டுக்குச் சொன்ன தொகை ஆரம்ப நிலைப் புதுக் கிட்டார் ஒன்றின் விலையில் பாதிக்கு மேல் வந்தது. இதைக் கேட்டதும் நிறையப் பேர் பின்வாங்கிவிடுவார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு கிட்டார் கைக்கு இணக்கமாக இருப்பதில் பெரும்பங்கு இந்த இருபத்தொரு துண்டு உலோகத்துக்கு, சிலவற்றில் இருபத்திரண்டு. பிக்கப் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் ஃப்ரெட் சரியில்லாத கிட்டாரை ஒரு வாரத்துக்கு மேல் யாரும் எடுத்து வாசிப்பதில்லை.

ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் ஃப்ரெட் போடலாமா என்று கேட்பார்கள். தேய்மானம் மிகக் குறைவு, கம்பியை இழுக்கும்போது வழுக்கிக்கொண்டு போகும். வேலை செய்பவரின் கருவிகளைச் சீக்கிரம் மழுங்கடிப்பதால் கூலி கூடும். நம் ஊரில் கமகத்துக்காகக் கம்பியை ஒன்றரை இரண்டு ஸ்வரம் வரைக்கும் இழுத்து வாசிப்பவர்கள் இருக்கிறார்கள், கிட்டார் பிரசன்னா எலக்ட்ரிக் கிட்டாரிலேயே முழுக் கர்நாடகக் கச்சேரி செய்கிறார். அந்தப் பக்கம் ஆசை உள்ளவர்களுக்கு ஸ்டெய்ன்லெஸ் தாராளமாகத் தகும். கூடவே ஃபிங்கர்போர்டின் (நெக்கின் மேல் விரல் வைக்கும் பலகை) குறுக்கு வளைவையும் கவனியுங்கள். பழைய ஃபெண்டர் அளவான ஏழே கால் அங்குல ஆரமுள்ள வளைவில், கம்பி ரொம்பத் தாழ்வாக இருந்தால், மேல் ஸ்தாயியில் இழுக்கும்போது நடு ஃப்ரெட்டில் முட்டி ஓசை செத்துவிடும். ரீஃப்ரெட் செய்யும்போதே போர்டைக் கொஞ்சம் தட்டையாக்கித் தரச் சொல்லலாம். எப்படியும் அதைத் தேய்த்து மட்டம் பார்ப்பார்கள்.

அந்தப் போர்டு மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரோஸ்வுட் என்று உலகம் முழுக்க கிட்டாரில் போட்டுக்கொண்டிருக்கும் மரத்தில் பெரும்பங்கு நம் ஈட்டி மரம், மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைவது. 1969-ல் பிரேசில் தன் ரோஸ்வுட் கட்டைகளை வெளியே அனுப்புவதை நிறுத்தியபோது அமெரிக்க கிட்டார் கம்பெனிகள் இதன் பக்கம்தான் திரும்பின. 2017 ஜனவரியில் இந்தப் பேரினம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது, முடிந்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019 நவம்பரில் விலக்குக் கொடுத்தார்கள். அதனால் உங்கள் பழைய கிட்டாரில் நிஜமான ஈட்டி இருந்தால் அதை மதித்து வைத்துக்கொள்ளுங்கள். நிஜமா என்று பார்க்க ஈரத் துணியால் ஓரத்தில் துடைத்தாலே போதும், கறுப்பாகச் சாயம் ஒட்டினால் வேறு ஏதோ மரத்துக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். அதனால் நெக் கெட்டது என்று ஆகிவிடாது, வாசிப்புக்கு ஒரு குறையும் இல்லை.

நட் சின்ன விஷயம், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சுருதி நிற்கவில்லை என்றதும் பழியை டியூனர் மேல் போடுவது வழக்கம், பாதிக் கேஸில் நட்டின் பள்ளத்தில் கம்பி சிக்கிக்கொள்வதுதான் காரணம். திருகும்போது "டிக்" என்று சத்தம் வந்தால் அதுவேதான். பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்துப் பாருங்கள், குணம் தெரிந்தால் நல்ல எலும்பு நட் ஒன்று வெட்டிப் போடச் சொல்லுங்கள். அதுவரை டியூனர் வாங்க வேண்டாம். வாங்குவதானால் கிட்டாரின் தலைப்பக்கம் டியூனர் உட்காரும் துளையை அளந்துகொள்ளுங்கள், பழைய வகை எட்டு மில்லிமீட்டர் சொச்சம், இப்போது வருபவை பெரும்பாலும் பத்து. பழைய துளையைப் பெரிதாக்கிவிட்டால் திரும்பப் போக வழியில்லை.

மூன்றாவது வழியில் ஆசையோடு இறங்குபவர்களை நிறுத்துவது இந்த மாதிரி அளவுகள்தான். ஸ்ட்ராட் என்றால் எல்லாம் ஒரே அளவு என்று நினைத்து பிரிட்ஜ் வாங்கிவிடுவார்கள். அமெரிக்கப் பழைய அளவில் முதல் கம்பிக்கும் ஆறாவது கம்பிக்கும் நடுவே பிரிட்ஜில் 56 மில்லிமீட்டர், ஆசிய மாதிரிகள் பலவற்றில் 52 அரை. உடலின் கனமும் அப்படித்தான், ஃபெண்டர் 44 மில்லிமீட்டர் பக்கம், மலிவான மாதிரிகள் அதைவிட மெலிந்தவை, பிரிட்ஜுக்கு அடியில் நல்ல கனமான ஸ்டீல் பிளாக் போட்டால் பின்னால் துருத்திக்கொண்டு நிற்கும். பிக்கார்டு ஸ்க்ரூ துளைகளும் பொருந்தாது. பொருந்தாத ஒவ்வொன்றுக்கும் மரத்தைக் குடைய வேண்டும், அடைக்க வேண்டும், மறுபடி குடைய வேண்டும். ராக் கிட்டாரிஸ்ட் எட்டி வான் ஹேலன் இந்த வேலையெல்லாம் செய்தார், கழித்துப்போட்ட ஸ்ட்ராட் வடிவ உடல் ஒன்றை வாங்கி, குடைந்து கிப்சன் ஹம்பக்கரை (இரட்டைச் சுருள் பிக்கப்) உள்ளே உட்காரவைத்து, உலகமே திரும்பிப் பார்க்கும் ஓசையை எடுத்தார். ஆனால் அது அவருக்குப் பழைய நினைவு ஏதும் இல்லாத உடல். அந்த மாதிரிச் சோதனைக்கு ஆசை இருந்தால் தனியாக ஒரு மலிவு உடல் வாங்கிச் செய்யுங்கள், இளவயதுக் கிட்டாரில் உளியை வைக்காதீர்கள்.

பிக்கப்புக்கு வருவோம். மாற்றுவதற்கு முன்னால் மல்டிமீட்டர் வைத்து அளந்து பாருங்கள். சிங்கிள் காயிலில் ஐந்திலிருந்து ஏழு கிலோ ஓம் வந்தால் உயிரோடு இருக்கிறது. ஒன்றுமே காட்டவில்லை என்றால் காயில் அறுந்திருக்கிறது. ஊரில் மோட்டார் வைண்டிங் கடைக்காரரிடம் கொண்டுபோகத் தோன்றும், அந்தக் கம்பி அவர்கள் கைக்குப் பழகிய அளவில்லை, 0.06 மில்லிமீட்டர் சொச்சம் பருமனில் எட்டாயிரம் சுற்றுப் பக்கம் சுற்ற வேண்டும், தலைமுடியைவிட மெலிசு. ஆனால் பல சமயம் அறுந்திருப்பது வெளிவயர் சேரும் நுனியில்தான், லென்ஸ் வைத்துப் பார்த்துத் தொட்டு சால்டர் வைத்தால் உயிர் வந்துவிடும்.

உயிரோடு இருந்தும் ஓசை பிடிக்கவில்லை என்றால், அதற்கும் பிக்கப்பிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் உயரத்தை இறக்குங்கள். காந்தம் கம்பிக்கு ரொம்பக் கிட்டே இருந்தால் கம்பியைப் பிடித்து இழுக்கும், மேல் ஃப்ரெட்களில் சுருதி கலங்கிய மாதிரி கேட்கும். அடுத்து வால்யூம் பாட்டின் (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் பாகம்) மதிப்பைப் பாருங்கள். சிங்கிள் காயிலுக்கு வழக்கமானது 250 கே (கிலோ ஓம்), என்னுடையதில் 500 கே போட்டிருந்தார்கள், அதனால்தான் அத்தனை வருஷமும் காதைக் குத்தும் கீச்சு. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் பாட் ஒன்றும் கப்பாசிட்டர் ஒன்றும் மாற்றினால் டீக்காசில் தீரும் விஷயம். அப்படியும் திருப்தியில்லை என்றால் அப்போது அல்னிகோ காந்தம் போட்ட செட் வாங்குங்கள். மலிவு மாதிரிகளில் இருக்கும் செராமிக் பட்டைக் காந்தத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், சுத்தமான ஓசையில் மெதுவாக மீட்டும்போதுதான் நன்றாகத் தெரியும். டிஸ்டார்ஷன் ஏற்றியே வாசிப்பவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது, அவர்கள் அந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம்.

"ம்ம்ம்" என்ற இரைச்சலுக்காக மட்டும் பிக்கப் மாற்ற நினைப்பவர்கள் முதலில் வீட்டு எர்த்தைச் சோதியுங்கள். மூன்று பின் பிளக்கில் மேல் பின்னுக்கு வயரே வராத வீடுகள் நிறைய. கம்பியில் கை வைத்ததும் இரைச்சல் குறைகிறதென்றால் கிட்டாரின் எர்த் வயர் சரியாகத்தான் இருக்கிறது. கம்பியைத் தொட்டபடி மைக்கில் உதடு பட்டதும் சுருக்கென்று ஷாக் அடித்தால் விளையாட்டில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்யும்வரை ஆம்பை (ஆம்ப்ளிஃபையரை) போடாதீர்கள். உடலின் குழிக்குள் செம்புத் தாள் ஒட்டுவது உதவும், ஆனால் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் காயிலுக்குள் ஏறுவதை அது தடுக்காது. அது முழுக்கப் போக வேண்டுமென்றால் சிங்கிள் காயில் அளவிலேயே இரண்டு காயில் அடுக்கிய வகை வாங்கலாம், மரத்தைக் குடைய வேண்டியதில்லை.

பெயிண்ட் விஷயத்தில் மட்டும் என்னிடம் சமரசம் கிடையாது. கிட்டார் கலருக்கும் கார் கலருக்கும் பழைய உறவு உண்டு, ஃபெண்டரின் லேக் பிளாசிட் ப்ளூ 1958-ன் கேடிலாக் காரில் வந்த நிறம், கார் பெயிண்ட்டையே வாங்கித்தான் அடித்தார்கள். அதனால் நம் ஊர்க் கார் பெயிண்டர் ஒருவர் இந்த வேலையை அழகாகச் செய்வார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பழைய பாலியஸ்டர் பூச்சை எடுக்க ஹீட் கன் வைத்துச் சுட்டுச் சுரண்ட வேண்டும், அப்போது முழங்கை பட்டு மங்கிய இடமும், பெல்ட் பக்கிள் கிழித்த கோடுகளும் சேர்ந்து போய்விடும். அயர்லாந்து கிட்டாரிஸ்ட் ரோரி கேலகர் 1963-ல் கார்க் நகரத்தில் வாங்கிய 1961 ஸ்ட்ராட்டில் கடைசியில் பெயிண்ட் கொஞ்சமே மிஞ்சியது, பெரும்பகுதி வெறும் மரமாக நின்றது. பாகங்களை எத்தனையோ தடவை மாற்றிய மனிதர் அதற்கு மறுபடி பெயிண்ட் அடிக்கவில்லை. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1967-ல் தன் ஸ்ட்ராட்டுக்குத் தானே உட்கார்ந்து பளிச்சென்ற வண்ணங்களைத் தீட்டினார், நகப்பாலிஷ்கூடப் போட்டார். அது எனக்குப் பிடித்த காரியம், ஏனென்றால் உடையவரே தன் கையால், பழைய பூச்சின் மேலேயே போட்டது. அப்படி ஏதாவது செய்ய ஆசை இருந்தால் செய்யுங்கள். சுரண்டுவது வேறு.

நாலாவது வழிக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். வாசிப்புதான் முக்கியம், பழைய பொருள் மேல் பெரிய பற்றில்லை என்றால் புதுசு வாங்குவதே சரி. இன்றைக்கு மெஷினில் வெட்டி வரும் ஆரம்ப நிலைக் கிட்டாரின் நெக்கும் ஃப்ரெட்டும் 90-களில் எங்களுக்குக் கிடைத்தவற்றைவிட எவ்வளவோ மேல். ரீஃப்ரெட், நட், பிக்கப், டியூனர் எல்லாவற்றையும் கூட்டினால் அதைவிட நல்லதாக ஒன்று புதிதாகக் கையில் வந்துவிடும். பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க என்றாலும் புதுசுதான் வாங்கச் சொல்வேன். நான் அந்த வழியில் போகாததற்கு ஒரே காரணம், என் கைக்குத் தெரிந்த வாசிப்பு எல்லாம் அந்த நெக்கில் கற்றது, வேறு கிட்டாரை எடுத்தால் நன்றாக வாசிக்கிறேன், ஆனால் யோசித்து வாசிக்கிறேன்.

வேலையை ஆரம்பிப்பவர்களுக்குச் சில கைப்பழக்கங்கள். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு வயரையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். துருவேறிய ஸ்க்ரூவைப் பலமாகத் திருகினால் தலை வழுக்கிவிடும், சூடான சால்டரிங் அயர்ன் நுனியைத் தலையில் சிறிது நேரம் வைத்து எடுத்துவிட்டுத் திருகினால் மரம் பிடியை விடும். ஸ்க்ரூத் துளை தளர்ந்திருந்தால் பல்குத்தும் குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்து அடைத்து, காய்ந்ததும் மறுபடி ஏற்றுங்கள். பாட் கரகரவென்றால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் என்றே கேட்டு வாங்கித் தெளியுங்கள். கழற்றிய எதையும் தூக்கிப்போடாமல் ஒரு டப்பாவில் போட்டு, கிட்டாரோடு வையுங்கள்.

பிக்கப்பைப் பொறுத்தவரை நான் செய்யப்போவது இதுதான். பழைய பிக்கார்டில் கல்லூரிக் குழுவின் ஸ்டிக்கர் பாதி கிழிந்த நிலையில் இன்னும் ஒட்டியிருக்கிறது, அதை அதன் பிக்கப், பாட், ஸ்விட்ச் எல்லாவற்றோடும் அப்படியே மொத்தமாக எடுத்துவிட்டு, புது பிக்கார்டு ஒன்றில் அல்னிகோ செட்டும் 250 கே பாட்டும் தனியாகக் கட்டி வைத்துவிடப் போகிறேன். புது பிக்கார்டின் துளைகளை மட்டும் பழைய உடலுக்கு ஏற்றபடி நானே போட்டுக்கொள்ள வேண்டும், கடையில் வருவது பொருந்தாது என்று அளந்து பார்த்தாயிற்று. இரண்டையும் மாற்ற, பிக்கார்டு ஸ்க்ரூக்களும் ஜாக்குக்குப் போகும் இரண்டு வயரும் பின்னால் ஸ்பிரிங் பக்கம் போகும் ஒரு எர்த் வயரும்தான், மரத்தில் ஒரு கீறல் விழாது. ஃப்ரெட் வேலைக்கு நெக்கைக் கொடுத்திருக்கிறேன், அது திரும்பி வந்ததும் முதலில் பழைய பிக்கார்டைப் போட்டே கொஞ்ச நாள் வாசித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.